கஃபீல் பின்னால் வருகிறார்

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் சோலையப்பன் காரை எடுத்துவிட்டார். பின் சீட்டில் மகள் கனகா. டிக்கி நிறையப் பெட்டிகள். பெட்டியில் அடங்காத ஒரு ரைஸ் குக்கர் கனகாவுக்குப் பக்கத்தில், அதுவும் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எல்லாம் யாழ்ப்பாணத்துக்குப் போகிற சாமான்.

மனைவி சந்தியாவின் அம்மா சுன்னாகத்தில் புது வீடு கட்டியிருந்தார். அடுத்த வாரம் குடிபூரல். நம் பக்கம் கிரகப்பிரவேசம் என்பதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சந்தியாவின் தம்பி விமல் மஸ்கட்டில், ரூவியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறான். அவன்தான், "எல்லாரும் மஸ்கட்டுக்கு வாங்கோ, ஒரே பிளைட்டில கொழும்புக்குப் போவம், பிள்ளைக்கும் பொழுதுபோகும்" என்று யோசனை சொன்னவன். விமானம் மறுநாள் காலையில். ஷார்ஜாவிலிருந்து மஸ்கட் போக அரை நாள் கார் ஓட்டினால் போதும்.

சந்தியாவும் காரில் வருவதாகத்தான் இருந்தது. அவள் ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கூட வேலை பார்க்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்று காலையில் போன் வந்தது. பின்னேரம் வரை டியூட்டி பார்த்துவிட்டு மஸ்கட் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நீங்கள் சாமான்களோடு முன்னால் போங்கள் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் விசா விஷயங்களுக்கெல்லாம் சோலையப்பன்தான் பொறுப்பு. பொறுப்பு தானாக வந்து சேர்ந்தது. அவரும் கனகாவும் இந்தியப் பாஸ்போர்ட், சந்தியா இலங்கைப் பாஸ்போர்ட். இவர் ஊரான அறந்தாங்கிக்குப் போனால் சந்தியாவுக்கு விசா வேண்டும், சுன்னாகத்துக்குப் போனால் இவருக்கும் மகளுக்கும் வேண்டும். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் வீட்டில் யாராவது ஒருவர் வெளிநாட்டுக்காரர். பதினோரு வருஷ தாம்பத்தியத்தில் அவருக்கு இது அத்துபடியாகிவிட்டது. தெரிந்தவர்கள் போன் பண்ணி அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். கேட்டால் அவருக்குச் சந்தோஷம்.

இந்தத் தடவையும் ஒன்றுவிடாமல் பார்த்துவைத்திருந்தார். இலங்கை விசா இரண்டு பேருக்கும் ஆன்லைனில் வந்துவிட்டது. ஓமானுக்குள் போக, எமிரேட்ஸில் வேலை பார்க்கிறவர்களில் சந்தியா மாதிரி நர்ஸ்களுக்கு எல்லையிலேயே முத்திரை போட்டுவிடுவார்கள். அவருக்குமே முன்பு அப்படித்தான் போட்டார்கள். கம்பெனி லாரியோடு இதே ஹத்தா எல்லை வழியாக எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறார்.

அவர் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அதை ஓமான் எல்லைச் சாவடியில் கவுண்டரில் இருந்த அதிகாரி பார்த்தார்.

அதிகாரி இளைஞர். மஹதி என்று சட்டையில் பெயர் எழுதியிருந்தது. சோலையப்பனைவிட நன்றாக இந்தி பேசினார். இரண்டு பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டைகளையும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாய், ஸ்பான்சர் கிதர் ஹை?"

ஸ்பான்சர் எங்கே என்கிறார். சோலையப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. "இது என் பொண்ணு. நான்தான் ஸ்பான்சர்" என்றார்.

"இல்லை. குழந்தைக்கும் ஸ்பான்சர் மேடம். உனக்கும் ஸ்பான்சர் மேடம்." அதிகாரி அட்டையைத் திருப்பிக் காட்டினார். "மேடம் எங்கே?"

அப்போதுதான் சோலையப்பனுக்கு உறைத்தது. முன்பு லாரியோடு வந்தபோதெல்லாம் அவர் ஜெபல் அலியில் ஒரு கிடங்கின் ஸ்டோர் கீப்பர். கம்பெனி விசா. போன வருஷக் கடைசியில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று சந்தியா அவரைத் தன் விசாவில் சேர்த்துக்கொண்டாள். டைப்பிங் சென்டரில் இருந்த பையன் பழக்கதோஷத்தில் ஸ்பான்சர் என்ற இடத்தில் சோலையப்பன் பெயரை அடித்துவிட்டு, பிறகு அழித்து மாற்றி அடித்தான். மூன்று பேரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்ததோடு சரி, சோலையப்பன் அதை யாரிடமும் சொல்லவில்லை. அறந்தாங்கியிலும் சொல்லவில்லை, சுன்னாகத்திலும் சொல்லவில்லை.

"மேடத்துக்கு டியூட்டி. பின்னால வர்றாங்க" என்றார்.

"அப்ப மேடம் வந்த பிறகு நீயும் வா. குடும்ப விசாவில் இருக்கிறவர் ஸ்பான்சரோடு சேர்ந்துதான் உள்ளே வரலாம். தனியாக வருவதென்றால் முதலிலேயே ஆன்லைனில் விசா எடுத்திருக்க வேண்டும்."

"இப்ப எடுத்தா?"

"இன்று வெள்ளி. நாளை சனி." மஹதி உதட்டைப் பிதுக்கினார். அதில் கோபம் ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட்டுகளைச் சேர்த்து நீட்டினார். "அங்கே உட்காரு. ஏசி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. கஃபீல் வந்ததும் கூட்டிக்கொண்டு வா."

கஃபீல் என்றால் நம்மை இந்த நாட்டில் வைத்திருக்கிறவர், நமக்கு ஜவாப்தாரி. முதலாளியைத்தான் அப்படிச் சொல்லிப் பழக்கம். அறந்தாங்கியில் பெண் பார்க்கப் போயிருந்தால் இப்படி ஒரு உறவுமுறை வந்து வாய்க்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்களா என்று சோலையப்பன் நினைத்துக்கொண்டார். ஆனால் அவர் பெண் பார்க்கவே போகவில்லை. கிடங்கில் காலில் ஆணி ஏறிய ஒரு ஆளை ஜெபல் அலி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், அப்போது அங்கே நர்ஸாக இருந்து ஊசி போட வந்த சந்தியாவைப் பார்த்தார். அடுத்த வாரம் தனக்கே ஊசி வேண்டும் என்று போய் நின்றார்.

கனகா பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறிச் சம்மணம் போட்டாள். "அப்பா, நாம அரெஸ்டா?"

"இல்லத்தா. அம்மாவுக்காக வெயிட் பண்றோம்."

சந்தியாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. டியூட்டியில் போன் லாக்கரில் இருக்கும். நடந்ததைக் குரல் செய்தியாகப் பேசி அனுப்பினார். ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வந்தது, அதுவும் குரல்தான். பின்னால் ஒரே பஸ் இரைச்சல்.

"இஞ்சேருங்கோ, பஸ் ஏறிட்டன். இந்த பஸ் ஹத்தாவாலதானே வரும், அங்கேயே நில்லுங்கோ, வந்து சொல்லுறன். நேற்றும் நைட், இண்டைக்கும் டியூட்டி. கண்ணைக் கட்டுது. கொஞ்சம் நித்திரை கொள்ளுறன்."

சோலையப்பனுக்குப் பாதி உயிர் வந்தது. மஸ்கட் பஸ் இங்கேதான் வரும், அவள் இறங்குவாள், கவுண்டருக்கு மூன்று பேருமாகப் போவார்கள், முடிந்தது. மெஷினில் பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கினார். கனகாவோடு சேர்ந்து, உள்ளே வருகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்துச் சொல்கிற விளையாட்டு விளையாடினார். கனகாதான் ஜெயித்தாள். ஸ்கூலில் பல நாட்டுப் பிள்ளைகளோடு அவளுக்கு அதே வேலை.

ஒரு எகிப்துக் குடும்பம் வந்தது. கணவர், மனைவி, மூன்று பிள்ளைகள். நொடியில் முத்திரை குத்திப் போய்விட்டார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணும் அவள் ஜெர்மன் புருஷனும் வந்தார்கள். அவருக்கு ஒரு வரிசை, அவளுக்கு ஒரு வரிசை. அவள் முன்னால் முடித்துவிட்டு, அவர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சோலையப்பன் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஏன் அசைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவளும் பதிலுக்கு அசைத்தாள்.

அந்த நேரத்தில் விமல் போன் பண்ணினான். "அத்தான், எங்க நிக்கிறியள்? சோஹார் தாண்டிட்டீங்களோ?"

"வந்துக்கிட்டே இருக்கோம் மாப்ள. பார்டர்ல கூட்டம். ஒரே டிராபிக்."

கூடத்தில் அப்போது அவரையும் கனகாவையும் தரை துடைக்கிற ஆளையும் தவிர ஒருவரும் இல்லை. கனகா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

விமலிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவன் இந்தப் பக்கம் வந்ததே சோலையப்பன் எடுத்துக் கொடுத்த விசிட் விசாவில்தான். இவர்கள் ஹாலில் பாய் போட்டுப் படுத்து, இவர் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனவன். அவன் கண்ணில் அத்தான் என்றால் ஒரு மலை. மலை இப்போது அக்காவின் அட்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

வெளியே ஒரு பெரிய பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது.

"வந்துட்டாங்க" என்று கனகா நாற்காலியிலிருந்து குதித்தாள். இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். பயணிகள் ஒவ்வொருவராகச் சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கினார்கள். பாகிஸ்தானிகள், வங்காளிகள், முதுகில் மூட்டை கட்டிய இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள், ஒரு மலையாளி அம்மா. கடைசியாக டிரைவர் இறங்கினார். சோலையப்பன் உள்ளே ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். தூங்கிக்கொண்டு யாரும் இல்லை.

"பாய், ஷார்ஜா பஸ் இதுதானே?"

"இது துபாய் பஸ்" என்றார் டிரைவர். "ஷார்ஜா பஸ் இங்கே வராது. அது கல்பா பக்கம், கடலோரமாகப் போகும். அங்கே வேறு பார்டர்."

சோலையப்பன் பஸ்ஸின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் பையில் இருந்த போன் அதிர்ந்தது. சந்தியாதான். தூக்கம் கலைந்த குரல்.

"இஞ்சேருங்கோ, நான் எங்க நிக்கிறன் எண்டு தெரியுமோ?"

"தெரியும்" என்றார் சோலையப்பன். "நான் நிக்கிற இடத்துல இல்ல."

"நான் நல்ல நித்திரை. எழுப்பினாங்கள், இறங்கினன், அரை நித்திரையில பாஸ்போர்ட்டைக் குடுத்தன், குத்தினாங்கள், திரும்ப ஏறிட்டன். இப்பதான் ஜன்னலால பார்க்கிறன், ஒரு பக்கம் கடல். ஹத்தாவில ஏது கடல்? ஓமானுக்குள்ள வந்திட்டன் நான்."

சொல்லிவிட்டு சந்தியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பதைக் கேட்டு இவருக்கும் வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

கவுண்டருக்குப் போனார். "ஸ்பான்சர் ஓமானுக்குள்ளே போயாச்சு, சார்" என்றார்.

மஹதி கம்ப்யூட்டரில் பார்த்தார். ஆமாம், சந்தியாவின் பெயர் இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நீ இங்கே, மேடம் அங்கே. சேர்ந்து வருவது என்றால் இது இல்லையே, பாய்."

"இப்ப என்ன பண்றது?"

"மேடம் இங்கே வரவேண்டும். அந்தப் பக்கமிருந்து வந்தாலும் சரி. நான் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்கவேண்டும். அப்புறம் முத்திரை." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "கேட்டில் நான் சொல்லிவைக்கிறேன்."

சோலையப்பன் போனில் இதைச் சொன்னதும் சந்தியா ஷினாஸ் ஊரில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டாள். ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு சின்னக் கடை, அதைத் தவிர வேறொன்றும் இல்லையாம். டாக்சி ஒன்றும் கண்ணில் படவில்லையாம். அங்கிருந்து இந்தச் சாவடிக்கு உள்நோக்கி வரவேண்டும், யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால்தான் உண்டு. அந்தப் பக்கத்தில் ஆள் தெரிந்தவன் ஒருவன்தான் இருக்கிறான்.

"தம்பிக்குப் போன் பண்ணட்டோ?" என்று கேட்டாள்.

சோலையப்பன் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். மலைகளுக்கு மேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கேட்டது போன் பண்ணுவதைப் பற்றி மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரியும். எட்டு மாதமாக அவள் தன் வீட்டாரிடம் அவருக்காக வாயைக் கட்டியிருந்தாள். ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை.

"வேணாம். நானே பண்றேன்" என்றார்.

விமல் ஒரே மணியில் எடுத்தான். "ஓம் அத்தான், பார்டர் தாண்டியாச்சோ?"

"இல்ல மாப்ள. டிராபிக்லாம் ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். என்னைய உள்ள விடமாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"நான் சந்தியா விசாவுல இருக்கேன். கம்பெனிய மூடிட்டாங்க, போன வருஷமே. ஒங்க அக்கா கூட வந்தாத்தான் என்னைய விடுவாங்க. அவ வந்த பஸ் வேற வழி, வேற பார்டர்ல உள்ள போயிட்டா. ஷினாஸ்ல ஒரு பெட்ரோல் பம்புல நிக்கிறா. அவளை யாராச்சும் இங்கன கொண்டாந்து விடணும்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"அக்கா எந்தப் பம்பில நிக்கிறா?" என்று கேட்டான் விமல்.

அவ்வளவுதான். எட்டு மாதமாக மறைத்துவைத்த விஷயத்தைச் சொன்னால், கேட்டவன் கேட்ட கேள்வி பெட்ரோல் பம்பைப் பற்றி. சோலையப்பன் லொகேஷனை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் விமல் மறுபடி கூப்பிட்டான். ஷினாஸில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற நெய்னா முகம்மது என்பவருக்கு அவன்தான் பில் புத்தகங்கள் அச்சடித்துக் கொடுக்கிறான். அதிராம்பட்டினத்துக்காரர். கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டாராம்.

"அத்தான்" என்றான் கடைசியில்.

"சொல்லு மாப்ள."

"எனக்கு நீங்கள் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்."

"சரி, வாங்கோ. உமாராணி புட்டு அவிச்சு வச்சிருக்கிறா. ஆறினாலும் பரவாயில்லை." உமாராணி அவன் மனைவி.

போனை வைத்துவிட்டு சோலையப்பன் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினார். திரும்பி வந்தபோது மஹதி கனகாவைக் கவுண்டருக்குக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அவர் கையில் பேரீச்சம்பழப் பெட்டி.

"நீ இந்தியனா, ஸ்ரீலங்கனா?"

கனகா ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டே யோசித்தாள். "பாஸ்போர்ட் இந்தியா. அம்மா ஸ்ரீலங்கா. ஸ்கூல் ஷார்ஜா."

"அப்ப கிரிக்கெட் மேட்சில் யாருக்குக் கை தட்டுவாய்?"

"கிரிக்கெட் போர் அடிக்கும்" என்றாள் கனகா. "நான் ஸ்விம்மிங்."

வெளியே விளக்குகள் ஏற்றிவிட்டார்கள். கார்கள் வரிசையாக வந்து, முத்திரை வாங்கி, ஓமானுக்குள் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே திசையில். சோலையப்பன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒருத்தி எதிர்த்திசையில் நடந்து வந்தாள். தோளில் கைப்பை, காலில் கிளினிக்குக்குப் போடுகிற வெள்ளை ஷூ, யூனிபாரத்தின் மேல் பஸ் ஏசிக்குப் போட்ட ஸ்வெட்டர். வருகிற கார்களுக்கெல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட்டு வந்தாள். ஹெட்லைட் முகத்தில் அடிக்கும்போது கையால் மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் துணைக்கு வந்தார். அவருக்குப் பின்னால், லுங்கிக்குப் பழகிப்போன நடையோடு பேண்ட் போட்ட ஒரு மனிதர், "பாத்து வாங்க தங்கச்சி, பாத்து வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர்தான் நெய்னா முகம்மது.

கனகா போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சந்தியா சோலையப்பனைப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களோ?"

"பிஸ்கட் சாப்பிட்டோம்."

"விமல் போன் எடுத்தவன். எல்லாம் சொல்லிட்டீங்களாம்."

"சொல்லிட்டேன்."

அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. சந்தியா அதை இழுத்துச் சரிசெய்தாள்.

மஹதி மூன்று பாஸ்போர்ட்டையும் விசிறி மாதிரி பரப்பிவைத்துப் பார்த்தார். கணவன் பெயருக்குப் பின்னால் அவன் அப்பா பெயர், மனைவி பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர், குழந்தை பெயருக்குப் பின்னால் கணவன் பெயர். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு குடும்பப் பெயர் இல்லை. "மேடம், இவர் உங்கள் கணவர்தானா?"

சந்தியா நோயாளிகளிடம் பேசிப் பழகிய அரபியில் பதில் சொன்னாள். கல்யாணச் சான்றிதழைப் போனில் எடுத்துக் காட்டினாள். அரபியில் மொழிபெயர்த்து முத்திரை குத்தியது. மஹதி அதைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இவருக்கு நீங்கள் பொறுப்பு. சரியா?"

சந்தியா சோலையப்பனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். யோசிக்கிறவள் மாதிரி வாயில் விரலை வைத்தாள்.

"அடியேய்" என்றார் சோலையப்பன் மெதுவாக.

"சரி" என்றாள் சந்தியா அதிகாரியிடம். "நான் பொறுப்பு."

மஹதி சிரித்துக்கொண்டே இரண்டு முத்திரைகளையும் குத்தினார். "கலாஸ், முடிந்தது. போங்கள். பாய், அடுத்த தடவை கஃபீலை முன் சீட்டிலேயே உட்காரவைத்துக் கூட்டிவா."

வெளியே வந்ததும் நெய்னா முகம்மது விடவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் ஆளுக்கொரு கரக் சாயாவும் சுடச்சுட பராட்டாவும் வாங்கிக் கொடுத்தார். கனகாவின் பங்கில் சீஸ் போட்டிருந்தது.

"கடையைச் சாத்திட்டு வந்தீங்களாமே, ஒங்களுக்கு ரொம்பத் தொந்தரவு" என்றார் சோலையப்பன்.

"தொந்தரவு என்னங்க. என் மச்சான் ஒருத்தன் சலாலாவுல இருக்கான். அவனும் பொஞ்சாதி விசாவுலதான் இருக்கான். டீச்சர் அவ. இவன் பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டு, மத்தியானம் ஒரு தூக்கம் போடுறான். அவனைப் பாத்து எங்க குடும்பமே பொறாமைப்படுது." அவர் சாயாவை ஊதிக் குடித்தார். "நாந்தான் காலையில ஆறு மணிக்கு ஷட்டர் தூக்குறேன்."

அவர் பிக்கப்பில் ஏறிப் போனதும் மூன்று பேரும் காரில் ஏறினார்கள். சந்தியா முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டவள், சோஹார் பலகை வருவதற்கு முன்பே தூங்கிவிட்டாள். சோலையப்பன் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவைத்து நிதானமாக ஓட்டினார். மனசு லேசாக இருந்தது. பசியும் எடுத்தது. ரூவி போய்ச் சேர்ந்தபோது புட்டு ஆறித்தான் போயிருந்தது. கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கி ஊற்றிச் சாப்பிட்டார்கள். விமல் காலையில் சீக்கிரம் எழும்ப வேண்டும் என்று எல்லாரையும் படுக்கைக்கு விரட்டினான். அத்தானுக்குத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவன் ஹாலில் பாய் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை மஸ்கட் விமான நிலையத்தில் கொழும்பு விமானத்துக்கு நீளமான வரிசை. விடுமுறைக் கூட்டம். டிவி பெட்டிகளும் பால்மா டப்பாக்களும் கட்டிய அட்டைப் பெட்டிகளுமாக ஜனங்கள். உமாராணிக்கு முந்தின நாள் கதை அரைகுறையாகத்தான் தெரியும். சமையலறையில் நின்றுகொண்டு துண்டு துண்டாகக் கேட்டது.

"அண்ணா, பார்டரில என்ன நடந்தது? எனக்கு ஒருத்தரும் சரியாச் சொல்லேல்லை" என்று கேட்டாள்.

சந்தியா வாயைத் திறப்பதற்குள் சோலையப்பன் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"நான் சொல்றேன். கேளு. நான் இப்ப ஒங்க மதினி விசாவுல இருக்கேன்ல, அதுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

வரிசையில் முன்னால் நின்ற ஒரு மட்டக்களப்புக் குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை. டைப்பிங் சென்டர் பையன், மஹதியின் இந்தி, துபாய் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தது எல்லாம் வந்தது. சீட்டுக்கு அடியில் அவர் பார்க்கவில்லை என்று கனகா சொன்னாள். பார்த்தேன், நீ கவனிக்கவில்லை என்றார். அதிகாரி, இவருக்கு நீங்கள் பொறுப்பா என்று கேட்ட இடத்தில் அவர் சந்தியா மாதிரியே வாயில் விரலை வைத்து நின்று காட்டினார். உமாராணி சிரித்துச் சிரித்துத் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்துவிட்டாள். மட்டக்களப்பு அம்மாவும் சிரித்தார்.

"நான் அவ்வளவு நேரம் யோசிக்கேல்லை" என்றாள் சந்தியா.

"யோசிச்ச. அந்த ஆபீசரே பயந்துட்டாரு."

வரிசை நகர்ந்தது. விமல் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளினான். "அத்தான், நடந்துகொண்டே சொல்லுங்கோ, கவுண்டர் வந்திட்டுது."

"இரு மாப்ள, நெய்னா பாய் மச்சான் கதையை இன்னும் சொல்லல" என்றார் சோலையப்பன். சொல்லிக்கொண்டே ரைஸ் குக்கரைத் தூக்கித் தராசில் வைத்தார்.